குண்டு விழுந்த தூரம்

குண்டு உப்பலவாடி, பாகம் எண் நூற்றுப் பதினேழு.
வாக்காளர்கள் ஆயிரத்து நாற்பத்திரண்டு.
பட்டியலும் பென்சிலும் என்னிடம்.
நம்ம ஓட்டு என்றால் டிக்.
அவங்க ஓட்டு என்றால் பெருக்கல்.
பிடிபடாவிட்டால் வட்டம்.
மூன்று தேர்தலாக என் வட்டங்கள்
நாற்பதைத் தாண்டியதில்லை.

இது இடைத்தேர்தல்.
வாயில் நுழையாத பெயருள்ள ஒரு ஊரில்
குண்டு விழுந்த பதினெட்டாம் நாள்
வீடு வீடாக ஏறி இறங்குகிறேன்.

தேசிங்கின் படகு தாழங்குடா மணலில்
ஒருக்களித்துக் கிடக்கிறது.
"புடிக்கிற மீனு டீசலுக்கே காணலக்கா.
ஏதோ ஜலசந்தியாமே, மூடிட்டாங்களாமே.
நம்ம முகத்துவாரம் தூந்து பத்து வருசமாச்சி,
அத எந்த நாட்டுக்காரன் வந்து மூடுனான்?"
பழைய டிக்கை அழித்தேன்.
ரப்பர் துகள் காற்றோடு போயிற்று.

சம்பந்தம் சார் வீட்டில் போர் நன்றாக நடக்கிறது.
கேட்டிலேயே நிறுத்தி
ஏவுகணையின் நீளம் சொன்னார், எடை சொன்னார்.
"அடிச்சாதான் அடங்குவானுங்க."
யார், யாரை?
அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
உள்ளேயிருந்து அவர் மனைவி,
"சிலிண்டர் பதிஞ்சு இருபத்தாறு நாள், அதச் சொல்லுங்க மொதல்ல."
முன்னூற்றுப் பதினொன்று, பெருக்கல்.
முன்னூற்றுப் பன்னிரண்டு, வட்டம்.

சுலைகாபீவி தையல் மிஷினை நிறுத்தாமலே பேசினாள்.
"நீ யார் பக்கம்னு மளிகைக் கடையில கேட்டாங்க.
அரைக் கிலோ துவரம்பருப்பு பக்கம்னேன்.
எல்லாரும் சிரிச்சாங்க.
கேட்டவர் மட்டும் சிரிக்கல."
நூல் அறுந்தது. கோர்த்தாள்.
"அவரு உங்க கட்சிதானே?"

முதல் வாரம் தலைமை சொன்னது: போரைப் பேசாதே.
இரண்டாம் வாரம்: சமாதானம் பேசு.
குண்டு சாலைச் சுவரில் அஞ்சாப்புலி
இருபதடிக்கு ஒரு புறா வரைந்தான்.
மூன்றாம் வாரம் சென்னையிலிருந்து
லேப்டாப்போடு ஒரு பையன் வந்தான்.
மக்கள் மனசு மாறிவிட்டதாம், கோடு மேலே போகிறதாம்.
புறாவின் மேல் சுண்ணாம்பு அடித்து
எல்லைச்சாமி மாதிரி தலைவரை நிறுத்தினார்கள்.
ஒரு பூச்சு போதவில்லை.
வெயில் ஏறினால்
தலைவரின் காதோரம் ஒரு அலகு தெரிகிறது.

எங்கள் ஊர்ப் பெயருக்குக் கதை உண்டு.
தேவனாம்பட்டினம் கோட்டையை விலைக்கு வாங்கிய வெள்ளைக்காரன்
பீரங்கியைத் திருப்பித் திருப்பிச் சுட்டானாம்.
குண்டு எதுவரை விழுகிறதோ அதுவரை அவன் நிலம்.
சேற்றில் நாற்றோடு குனிந்திருந்த ஒருத்தி
சத்தம் கேட்டு நிமிர்ந்திருப்பாள்.
குனியும்போது ஒரு ராஜாவின் குடி,
நிமிரும்போது வேறொருவனின் குடி.
அவளிடம் யாரும் பட்டியல் கொண்டுவரவில்லை.
இப்போதைய பீரங்கிகளுக்குத் தூரம் அதிகம்,
அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டே
தெருவைத் திரும்பினேன்.

தனகோடி வீடு. நான்கு ஓட்டு.
மகன் குவைத்தில்.
டிவியை அவள் அணைப்பதில்லை,
சத்தத்தை மட்டும் குறைத்துவிடுகிறாள்.
நோட்டீஸை வாங்கி மடித்து
விசிறிக்கொண்டே கேட்டாள்:
"ஒரு ப்ளேன் அனுப்பச் சொல்லுவாரா ஒங்க தலைவரு?"
"சொல்லுவாரு" என்றேன்.
இருபது வருடக் கட்சி வாழ்வில்
இவ்வளவு வேகமாக நான் பொய் சொன்னதில்லை.
போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.
சாப்டியாப்பா.
முந்தாநாள் ராத்திரி அனுப்பியது.
பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரே ஒரு டிக்.

இரவு பதினொன்றுக்கு ஒன்றியச் செயலாளர் கூப்பிட்டார்.
வட்டம் முன்னூற்று எண்பதா?
பட்டியலை ஒழுங்காகத்தான் பார்த்தாயா?
கத்தி முடித்துத் தண்ணீர் குடித்தார்.
"சரி, அந்த தனகோடி வூடு? கெட்டியான வூடாச்சே."

"ஒரு டிக் விழுந்திருக்குண்ணே" என்றேன்.
"இன்னொண்ணு வரணும்."

அவர் எழுதிக்கொண்டார்.